உடைத்த நெல் களம் எங்கே போனது: டெல்டாவில் பழைய கான்கிரீட்டை மறுபடி பயன்படுத்திய ஒரு வேலையின் ஆய்வு

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே, சாலையை ஒட்டி ஒரு பழைய அரிசி ஆலை. இயந்திரம் நின்று வருடங்கள் ஆகிவிட்டன. இடத்துக்காரர் அதை இடித்துவிட்டு, நெல் மூட்டையும் உர மூட்டையும் அடுக்க வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு கிடங்கு கட்ட முடிவு செய்தார். மேற்பார்வை எனக்கு வந்தது. கிடங்கைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கான்கிரீட் தூண், மேலே இரும்பு டிரஸ், ஷீட், எல்லா ஊரிலும் ஒரே அச்சுதான். இந்த ஆய்வு அதற்கு முந்தைய வேலையைப் பற்றியது. இடித்த கான்கிரீட்டை வெளியே அனுப்பாமல் அதே மனையில் எவ்வளவு செலவழிக்க முடிந்தது, எதற்கு உதவியது, எதற்கு ஆகவில்லை என்பதுதான் விஷயம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கான்கிரீட் நல்ல ஜல்லியாவதும் குப்பையாவதும் இடிக்கிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. ஜேசிபி ஓட்டுநர் எதை முதலில் தொடுகிறார், எதை எதன் மேல் கொட்டுகிறார் என்பதைப் பொறுத்த விஷயம் இது. அதற்குப் பிறகு கல் உடைக்கும் கிரஷர் எவ்வளவு நல்லது வந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

இருந்தது என்ன

முன்பக்கம் நெல் காயப்போடும் களம், 120 அடிக்கு 80 அடி. பல தடவை ஒட்டுப்போட்டது, அதனால் ஒரு மூலையில் 4 அங்குலம், இன்னொரு மூலையில் 6 அங்குலம். சராசரி 5 என்று வைத்தால் 4,000 கன அடி, அதாவது 40 யூனிட். எடையில் 260, 270 டன் வரும். உடைத்துக் குவித்தால் உப்பி 60 யூனிட்டைத் தாண்டும். டிப்பருக்கு நாலு யூனிட் என்றாலும் பதினைந்து லோடுக்குக் குறையாது.

இந்தக் களம்தான் எங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். கம்பி கிடையாது, டைல்ஸ் கிடையாது, பெயின்ட் கிடையாது. மேலே நெல்லையும் ஆட்களின் காலையும் தவிர வேறு எதையும் பார்க்காத வெறும் கான்கிரீட். அடியில் மட்டும், அந்தக் கால வழக்கப்படி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த ஒரு படுகை இருந்தது. அதன் கதை பின்னால் வருகிறது.

களத்துக்குப் பின்னால் ஆலைக் கட்டடம். செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஓரமாகத் தளம் போட்ட ஓர் அலுவலக அறை. நெல் ஊறப்போடும் தொட்டிகள், பாய்லர் மேடை, உமி எரித்த அடுப்பு, புகைபோக்கி.

வழக்கமாக இப்படி ஒரு கட்டடம் என்றால் இடிக்கிற காண்ட்ராக்டர் வந்து சுற்றிப் பார்த்து ஒரு விலை சொல்வார். கதவு, ஜன்னல், இரும்பு, முழுச் செங்கல், மரம் எல்லாம் அவருடையது. மிச்சம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் யாராவது வயலை மனையாக்க மண்ணடிக்கிறார்கள் என்றால் அங்கே போகும். இல்லையென்றால் வாய்க்கால் ஓரம், குளத்துக் கரை, ஊர்ப் புறம்போக்கு. சித்திரையில் வாய்க்கால் தூர்வார வரும் பொக்லைன் பக்கெட்டில் சேற்றோடு தளக் கான்கிரீட் துண்டும் மொசைக் துண்டும் ஏறுவதை டெல்டாவில் பார்க்காதவர் குறைவு. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேரவில்லை என்கிற புகாருக்குப் பின்னால் இந்தத் துண்டுகளுக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு.

கல் இல்லாத மண்

டெல்டாவில் கருங்கல் கிடையாது. நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று பிரிந்து போகிற இந்தப் பகுதி முழுக்க ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். தோண்டினால் களி, அதற்குக் கீழே மணல், மறுபடி களி. மேற்கே வல்லம் பக்கம் போனால் செம்புறாங்கல் தட்டுப்படும், அது ஜல்லிக்கு ஆகாது. ராஜராஜன் பெரிய கோயில் கட்டியபோதே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் எங்கள் முக்கால் அங்குல ஜல்லியும் ஒன்றரை அங்குல ஜல்லியும் எம் சாண்டும் புதுக்கோட்டை, திருச்சி, பெரம்பலூர்ப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து டிப்பரில்தான் வருகின்றன. அதனால் நாங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி டீசலுக்கும் டயருக்கும் போகிறது.

இப்படிப் பார்த்தால் அந்தக் களத்தின் கான்கிரீட் ஏற்கனவே ஒருமுறை வாடகை கொடுத்து இங்கே வந்து சேர்ந்த கல். அதை 15 லோடு வெளியே அனுப்பி, அதே அளவு புதுக் கல்லை வெளியூரிலிருந்து வரவழைப்பது இரட்டைச் செலவு. குவாரிக்குப் பக்கத்து ஊர்களில் இந்தக் கணக்கு இப்படி வராது. அங்கே புது ஜல்லி மலிவு, பழையதை உடைப்பது சிரமம், யாரும் மெனக்கெட மாட்டார்கள். டெல்டாக்காரனுக்குத்தான் இது கட்டுப்படியாகும், ஆனால் டெல்டாவில்தான் இதை யாரும் செய்வதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தோம். கட்டுமானம் மற்றும் இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்தன. ஒரு நாளைக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு வேலையில் மாதத்துக்கு 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர்கள் கான்கிரீட், மண், செங்கலும் காரையும், இரும்பு மரம் பிளாஸ்டிக் என்று நாலாகப் பிரிக்க வேண்டும், உள்ளாட்சியிடம் திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அவை கேட்டன. களத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் மாதக் கணக்கில் நாங்கள் 300க்குக் கீழே. ஆனால் கான்கிரீட்டைத் தட்டி உடைக்கும் பிரேக்கர் ஒருநாள் ஓடினாலே 20 டன் தாண்டிவிடும், சுவரும் தளமும் சேர்ந்தால் 300ம் தாண்டும். ஆக விதிக்குள் வருகிறோம். இடத்துக்காரர் விதியின் பெயரையே அன்றுதான் கேள்விப்பட்டார். அவற்றுக்குப் பதிலாக 2025இல் அறிவித்த புதிய விதிகளுக்கு 2026 ஏப்ரல் 1 தொடக்க நாள். இடித்த கழிவில் இவ்வளவு மறுசுழற்சிக்குப் போக வேண்டும் என்ற பொறுப்பை அவை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டுமானங்கள் மேல் வைக்கின்றன. அது இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடி. எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய கட்டடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சென்னையை மனதில் வைத்து எழுதிய வரம்பு அது. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கழிவை உடைத்துத் தரும் ஆலை இருக்கிற ஊருக்கு அது பொருந்தும். 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து யாரும் அங்கே லோடு ஏற்றிப் போகப் போவதில்லை.

இடித்த வரிசை

தாளடி அறுவடை முடிந்து வயல்கள் காலியாக இருந்த சமயம். பச்சைப் பயிர் மேல் தூசி படியாது, மண் காய்ந்து இறுகியிருக்கும், இயந்திரம் புதையாது. ஐப்பசியில் இந்த வேலையைத் தொட்டால் களிமண்ணும் கான்கிரீட்டும் ஒன்றாகக் குழைந்து, எதற்கும் ஆகாத கலவைதான் மிஞ்சும். ஜல்லியின் மேல் ஒட்டிய களி, சிமெண்டை அதில் பிடிக்கவிடாது.

முதலில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை உடைக்கவே கூடாது என்று இடிக்கிறவரிடம் எழுதி வாங்கினோம். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்கி, தடித்த பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தனியே வைத்தோம். அதற்கு ஆன கூலியைப் பற்றி இடத்துக்காரர் முணுமுணுத்தார். ஆனால் ஒரு ஷீட் ஜல்லிக்குவியலுக்குள் போனாலும் மொத்தக் குவியலும் பாழ்.

அடுத்து பாய்லர் மேடையும் உமி அடுப்பும். பார்ப்பதற்கு நல்ல கனமான கான்கிரீட், ஜல்லிக்கு ஆசை காட்டும். சுத்தியலால் ஒரு மூலையைத் தட்டிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடுபட்ட கான்கிரீட்டுக்கு அந்த நிறம் வருவதுண்டு. அதற்கு மேல் சூடு ஏற ஏற பலமும் போய்விடும். மேடையில் எண்ணெயும் கரியும் வேறு ஊறியிருந்தன. இரண்டையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம்.

சுவர்களை இடித்தபோது முழுச் செங்கல் தனியே போயிற்று. அரைச் செங்கலும் காரையும் இன்னொரு குவியல். கீழ்ப்பகுதிச் செங்கல் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. அதை அடித்தளம் நிரப்பக்கூட எடுக்கவில்லை. உப்பு எங்கே போனாலும் ஈரத்தோடு மேலே ஏறிவரும்.

இனி களம். சுத்தமான பொருள் அதுதான் என்பதால் முதலில் அதை உடைத்து எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் களத்தை எடுத்துவிட்டால் உடைத்ததைக் கொட்ட இடம் வேண்டுமே? வெறும் மண்ணில் கொட்டினால் அள்ளும்போது பக்கெட்டில் பாதி மண். அதனால் வடக்கு ஓரமாக ஒரு பட்டையை அப்படியே விட்டோம். குவியல்கள் அதன் மேல், கிரஷர் அதன் மேல், சல்லடை அதன் மேல். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக அந்தப் பட்டையை உடைத்தோம். டெல்டாவில் இந்த வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இந்த ஆய்விலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போகச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் அந்தச் செங்கல் படுகை. பிரேக்கர் ஓட்டிய பையன் முதல் நாள் பக்கெட்டின் பல்லை ஆழமாக விட்டுத் தளத்தைப் பிளந்து இழுத்தான். கான்கிரீட்டோடு ஒரு சாண் செங்கல் ஜல்லியும் சேர்ந்து வந்தது. குவியலே சிவப்பாகிவிட்டது. இது அழகுப் பிரச்சினை இல்லை. ஜல்லி, மணலுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 383, 2016 திருத்தத்தில், கான்கிரீட்டிலிருந்து மட்டும் எடுத்த ஜல்லியையும் செங்கல் கலந்த ஜல்லியையும் இரண்டு சாதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாவது சில கட்டுப்பாடுகளோடு கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக்கூடப் போகலாம். இரண்டாவதுக்கு எம்15க்குக் கீழே உள்ள மெலிந்த கலவை தவிர வேறு எங்கும் அனுமதி இல்லை (எம் என்பது கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம், எண் கூடினால் பலம் கூடும்). ஒரு சாண் ஆழம் கூடப் போனதில் ஜல்லியின் சாதியே மாறிவிடுகிறது.

மறுநாள் முறையை மாற்றினோம். பிரேக்கரால் நாலடிக்கு நாலடி கட்டமாகத் தட்டி விரிசல் மட்டும் விடுவது, பிறகு பக்கெட்டின் நுனியை ஓரத்தில் கொடுத்துத் தோசைக் கரண்டி மாதிரி நெம்பிப் புரட்டுவது. புரண்ட பலகையின் அடியில் ஒட்டியிருந்த செங்கல் ஜல்லியை இரண்டு பேர் கடப்பாரையால் சுரண்டினார்கள். சுண்ணாம்புக் கலவை என்பதால் சுலபமாக உதிர்ந்தது. செங்கல் படுகை இருந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று விட்டோம். பல வருடம் களத்தையும் நெல்லையும் தாங்கி இறுகிய படுகை, களிமண்ணுக்கு மேல் அதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. முதல் நாள் சிவப்புக் குவியலைத் தனியே நிறுத்திவைத்தோம்.

உடைத்ததும் சோதித்ததும்

இந்தப் பக்கத்தில் நடமாடும் கிரஷர் சுலபமாக வாடகைக்குக் கிடைப்பதில்லை. குவாரிப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன ஜா கிரஷரை டிரெய்லரில் கொண்டுவந்தோம். வர, போக ஆகும் செலவு நிலையானது. 10 யூனிட் உடைத்தாலும் 60 யூனிட் உடைத்தாலும் அது மாறாது. அதன் வாய் அளவுக்குத் துண்டுகளை முன்கூட்டியே பிரேக்கரால் சின்னதாக்க வேண்டியிருந்தது. அலுவலக அறையின் தளத்தையும் இதில் விட்டோம், ஆனால் கம்பியை வெட்டி உருவி எடுத்த பிறகு. கம்பியோடு போட்டால் கிரஷரின் பல் தேயும் என்று வாடகைக்கு விட்டவர் ஆயிரம் முறை சொல்லியிருந்தார். உடைக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். அந்தத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா இருக்கிறது. தலைப்பாகைத் துணியை மூக்கில் கட்டுவது அதற்குப் போதாது, சரியான முகக்கவசம் வேண்டும்.

வெளியே வந்ததை மூன்றாகச் சலித்தோம். ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, அதற்குக் கீழே உள்ள பொடியும் தூளும். கிட்டத்தட்ட கால் பங்கு தூளாகப் போயிற்று. அவ்வளவு போகும் என்று இடத்துக்காரர் எதிர்பார்க்கவில்லை.

பழைய கான்கிரீட் ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். குவாரி ஜல்லி நீலக்கருப்பாக, ஓரம் கூராக, கழுவினால் மின்னும். இதில் ஒவ்வொரு கல்லின் மேலும் பழைய சிமெண்ட் காரை திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். சில துண்டுகள் முழுக்கக் காரை மட்டுமே, உள்ளே கல்லே இருக்காது. அந்தக் காரைதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம். அது நுண்துளை நிறைந்தது, லேசானது, தண்ணீரை இழுக்கும்.

ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தோம். இம்பாக்ட் சோதனையில், சலித்து எடுத்த ஜல்லியின் மேல் 14 கிலோ அளவுள்ள சுத்தியலை 38 செ.மீ. உயரத்திலிருந்து 15 முறை விழவிட்டு, 2.36 மி.மீ. சல்லடை வழியே எவ்வளவு தூளாகப் போகிறது என்று பார்ப்பார்கள். சாலை, தளம் போலத் தேய்மானம் உள்ள இடத்துக்கு 30 சதவீதம்வரை, மற்ற கான்கிரீட்டுக்கு 45 சதவீதம்வரை இருக்கலாம். எங்களுடையது 30க்குள்ளேயே நின்றது. நீர் உறிஞ்சுவதுதான் 5 சதவீதத்தை ஒட்டி வந்தது. நல்ல கருங்கல் ஜல்லி ஒரு சதவீதம்கூடக் குடிக்காது. பொதுவாக 5க்கு மேல் போகக்கூடாது என்று சொல்லும் ஐஎஸ் 383, மறுசுழற்சி ஜல்லிக்கு மட்டும் 10 வரை விட்டுக்கொடுக்கிறது. கலப்பதற்கு முன் நனைத்து ஊறவைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பழைய கான்கிரீட்டில் குளோரைடு, அதாவது கம்பியை அரிக்கும் உப்பு, இருக்கிறதா என்றும் பார்த்தோம். மன்னார்குடிப் பக்கம் நிலத்தடி நீர் அவ்வளவு மோசமில்லை. ஆனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் அந்தக் காலத்தில் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்ட கட்டடங்கள் உண்டு. அந்தக் கான்கிரீட்டை உடைத்துக் கம்பிக்குப் பக்கத்தில் போட்டால், ஐம்பது வருடத்துக்கு முன் கலந்த உப்பு புதுக் கம்பியை அரிக்கும்.

எங்கே போட்டோம், எங்கே போடவில்லை

பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்குத்தான் போயிற்று. அஸ்திவாரக் குழிக்கு அடியில் போடும் 1:4:8 கலவைக்கும் (சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு), கிடங்குத் தளத்துக்கு அடியில் போட்ட அதே கலவைக்கும் ஜல்லி முழுக்கப் பழையதே. மெலிந்த கலவைக்கு 100 சதவீதமும் போடலாம் என்று ஐஎஸ் 383 அனுமதிக்கிறது, இதில் தயங்க ஒன்றுமில்லை. முதல் நாளின் சிவப்புக் குவியலும் இங்கேதான் தீர்ந்தது.

அடுத்தது லாரி வந்து திரும்பும் முற்றத்தின் அடிப்படுகை. டெல்டாக் களிமண் மழையில் நனைந்தால் அதன் தாங்குதிறன், சாலைக்காரர்கள் சொல்லும் சிபிஆர் கணக்கில், 2, 3 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். அதன் மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால் களி பிதுங்கி ஜல்லிக்கு நடுவே ஏறிவிடும். பழைய செங்கல் படுகை இருந்த பகுதியில் அந்தக் கவலை இல்லை. இல்லாத பகுதியில் முதலில் கிராவல் ஓர் அடுக்கு, அதன் மேல் உடைத்த கான்கிரீட் 9 அங்குலம், தண்ணீர் விட்டு ரோலர். சாலை வேலையில் இடிப்புக் கழிவைப் பயன்படுத்துவதற்கு இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 121 என்று 2017இல் தனி வழிகாட்டியே வந்துவிட்டது. இந்தப் படுகைக்கு ஒரு கூடுதல் குணம் உண்டு. பழைய காரையில் நீர் படாமல் மிஞ்சிய சிமெண்ட் கொஞ்சம் இருக்கும். உடைத்து ஈரம் காட்டினால் அது மெல்ல இறுகும். சில வாரம் கழித்துக் கடப்பாரை போட்டால் கிராவல் மாதிரி உதிராது, பாளம் பாளமாக வரும்.

எடைமேடைப் பக்கத்து நடைபாதைக்குக் கம்பியில்லாத கான்கிரீட். அதில் ஜல்லியில் கால் பங்கு மட்டும் பழையது. அனுமதியின் உச்சமும் அதுதான்.

தூணிலும் அடித்தளத்திலும் பெல்ட் கான்கிரீட்டிலும் ஒரு கூடைகூடப் போடவில்லை. எம்25 வரை கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் போடலாம் என்று ஐஎஸ் 383 சொல்கிறது, எங்கள் தூணும் எம்25தான். இடத்துக்காரர் படித்துவிட்டு வந்து கேட்டார்: "சட்டமே விடுதே, நீங்க ஏன் சார் பயப்படறீங்க?" கூடையில் அளந்து, மூட்டைக் கணக்கில் கலக்கும் இடத்தில் 20 என்பது ஒரு கலவையில் 10 ஆகும், அடுத்ததில் 35 ஆகும். ஆயத்தக் கலவை ஆலையில் எடைபோட்டுக் கலந்தால் யோசிக்கலாம். அத்தனை தூணுக்கும் சேர்த்து மிச்சமாவது சில யூனிட் ஜல்லி, அதற்காக இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை என்பது என் தீர்மானம். வேறு பொறியாளர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம், தப்பில்லை.

கடலோரத்தில் மட்டும் இந்த விவாதத்துக்கே இடமில்லை. கான்கிரீட் வேலைக்கான தர விதி ஐஎஸ் 456 கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, அங்கே கம்பிக் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 கேட்கிறது. 383 எம்25ஓடு கதவைச் சாத்துகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரம் உப்புக்காற்று படும் தூணுக்குப் பழைய ஜல்லி கிடையவே கிடையாது. யாராவது 20 சதவீதம் போடலாம் என்று அங்கே சொன்னால் ஒரு புத்தகத்தை மட்டும் படித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மேஸ்திரியும் தண்ணீரும்

முதல் நாள் 1:4:8 போட்டபோது கலவை மிக்சரில் நன்றாகத்தான் சுழன்றது. தள்ளுவண்டியில் குழிக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து பொலபொலவென்று ஆகிவிட்டது. மிக்சர்காரர் பழக்கப்படி ஒரு குடம் தண்ணீரை எடுத்து ஊற்றினார். அடுத்ததுக்கு ஒன்றரைக் குடம்.

கணக்கு எளிது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 1:4:8இல் போகும் ஜல்லி 370, 380 கிலோ. காய்ந்த ஜல்லி 5 சதவீதம் குடித்தால் 19 லிட்டர். ஒரு குடத்துக்கு மேல் தண்ணீர் ஜல்லியின் வயிற்றுக்குள் போகிறது. அதை ஈடுகட்ட மேலே ஊற்றும் தண்ணீரோ உடனே உள்ளே போகாது. பாதி சிமெண்ட் பாலோடு நின்று பலத்தைக் கெடுக்கும். அதுவும் எவ்வளவு நின்றது என்று யாருக்கும் தெரியாது.

அன்று சாயந்திரமே ஜல்லிக்குவியலில் ஹோஸ் பிடித்து நனைத்து, மேலே ஈர நெல் சாக்குகளைப் போட்டு மூடச் சொன்னேன். மேஸ்திரி என்னைவிட வயதில் மூத்தவர், இந்தத் தாலுகாவில் பாதி ஓட்டு வீட்டைத் தளமாக்கியவர்.

"ஜல்லியைக் குளிப்பாட்டறதா சார்? மணலைத்தான் கழுவிப் பார்த்திருக்கேன்."

"ராத்திரியே குடிச்சு முடிச்சிட்டா காலையில சிமெண்ட் தண்ணியில வாய் வைக்காதுண்ணே."

"சரி, அப்ப குடத்தைத் தூக்கி உள்ள வச்சிடறேன். வெளிய இருந்தா இவன் கை சும்மா இருக்காது."

குடத்தை நிஜமாகவே சிமெண்ட் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். மறுநாள் கலவை குழிவரை அதே பதத்தில் போய்ச் சேர்ந்தது. ஊறவைப்பதில் ஒரு நுணுக்கம்: உள்ளே ஈரம் இருக்க வேண்டும், மேலே தண்ணீர் சொட்டக்கூடாது. விடிகாலையில் சாக்கை எடுத்து அரைமணி நேரம் காற்றாட விட்டால் சரியாக இருந்தது.

யாருக்குக் கட்டுப்படியாகும்

இந்த மனையில் கட்டுப்படியானதற்கு மூன்று காரணம். ஒரே இடத்தில் 40 யூனிட் சுத்தமான கான்கிரீட் இருந்தது, அதே இடத்தில் அதைப் போட வேலையும் இருந்தது, கொட்டிவைக்க இடமும் இருந்தது. இதில் ஒன்று குறைந்தாலும் கிரஷரைக் கொண்டுவந்த செலவு மிச்சத்தை விழுங்கிவிடும். ஒரு மாடி வீட்டை இடித்துக் கட்டுபவர் கிரஷரைத் தேடிப் போக வேண்டாம். தளத்தையும் சன்ஷேடையும் தனியாக உடைத்து, கம்பியை எடுத்து, சம்மட்டியால் கைப்பிடி அளவுக்குத் தட்டி, புது வீட்டின் கார் நிறுத்தும் இடத்துக்கும் பாதைக்கும் அடியில் கப்பியாகப் போட்டு இறுக்கினாலே போதும். டெல்டாவில் ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை உயர்கிறது, வீடு பள்ளமாகிறது, அடுத்து கட்டுபவர் மனையை உயர்த்தியே ஆக வேண்டும். அதற்கு நல்ல வயல் மண்ணை வாங்கி அடிப்பதைவிட இது மேல்.

நகராட்சி அளவில் ஓர் இடம் ஒதுக்கி, வருகிற கான்கிரீட்டைச் சேர்த்து வைத்து, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை கிரஷரை வரவழைத்தால் சின்னக் கட்டடங்களும் இதற்குள் வரும். 2016 விதிகளே அரசு, உள்ளாட்சி வேலைகளில் 10 முதல் 20 சதவீதம்வரை இந்தப் பொருளைப் பயன்படுத்தச் சொல்லியிருந்தன, ஆக வாங்குகிறவரும் கிடைப்பார். இடத்துக்குக் காவல் வேண்டும், இல்லையென்றால் ஒரே மாதத்தில் அது குப்பைமேடு.

தூள்தான் கடைசிவரை தொல்லை. ஒரு பகுதியை முற்றத்துப் படுகையின் இடுக்குகளை அடைக்கத் தூவினோம். பக்கத்து வயல்காரர் வந்து, மிச்சத்தை வரப்பு உயர்த்தக் கொடுங்கள் தம்பி என்று கேட்டார். கொடுக்கவில்லை. பழைய சிமெண்ட் தூளில் ஊறி வரும் தண்ணீரின் காரத்தன்மை அதிகம், பிஎச் 11க்கு மேலே போகும். நாற்றங்காலுக்கும் மீன் குட்டைக்கும் பக்கத்தில் அதைப் போடக்கூடாது. இதே காரணத்தால் வாய்க்கால் பக்கத்து எல்லையிலிருந்து சில அடி உள்ளே தள்ளித்தான் படுகையையே தொடங்கியிருந்தோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். சும்மா கிடப்பதைக் கேட்டும் தரவில்லையே என்று.

ஐப்பசி, கார்த்திகை மழை போய்த் தை பிறந்தபின் முற்றத்தை நடந்து பார்த்தேன். நெல் லாரிகள் போய் வந்துகொண்டிருந்தன. பழைய களம் இருந்த பகுதியில் தடம் விழவில்லை. நடைபாதையில் மூட்டுகளைத் தவிர வேறு விரிசல் இல்லை. நெல் ஊறப்போடும் தொட்டிகளை எடுத்து நிரப்பிய இடத்தில் மட்டும் ஒரு மூலை இரண்டு அங்குலம் அமுங்கியிருந்தது. தோண்டிப் பார்த்ததில் ஜல்லி அடுக்கு பாளமாக அப்படியே இருந்தது. அதற்குக் கீழே தொட்டியின் பள்ளத்தை மூடிய களிதான் இறங்கியிருக்கிறது. அந்தக் களியை அள்ளிவிட்டு மணலும் கிராவலும் அடுக்கடுக்காகப் போட்டு இறுக்கி, மூலையில் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றரை ஜல்லியை மேலே பரப்பி ரோலர் ஓட்டியாயிற்று. அடுத்த மழைக்குப் பிறகு அந்த மூலையை மட்டும் மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்.